தராசு யார் கையில்?

2018 பிப்ரவரி மூன்றாவது வாரத்தில், தமிழ்நாட்டில் ஏர்செல் சிம் வைத்திருந்தவர்களின் கைபேசிகளில் சிக்னல் கோடுகள் மறைந்துபோயின. கோபுர நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போக, அவை கோபுரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கியிருந்தன. 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி, ஒரு காலத்தில் இங்கே முதலிடம் பிடித்த நிறுவனம் அது. வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு சிலிண்டர் பதிவு, பிள்ளைகளின் பள்ளிச் செய்தி என்று வீட்டின் எல்லாக் காரியங்களும் அந்த ஒரு எண்ணோடு கட்டப்பட்டிருந்தன.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமை மக்களுக்கு அப்போதே ஏழு ஆண்டுகளாக இருந்தது. 'போர்ட்' என்ற சொல்லோடு எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதை எடுத்துக்கொண்டு அடுத்த நிறுவனத்தின் கடைக்குப் போகலாம். ஆனால் அந்தக் குறுஞ்செய்தியை, எந்த எண்ணை மாற்ற வேண்டுமோ அதே எண்ணிலிருந்து அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாத கைபேசியிலிருந்து எப்படி அனுப்புவது? பல ஊர்களில் மக்கள் ஏர்செல் அலுவலகங்களின் முன் திரண்டார்கள். ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, குறியீடு வழங்க மாற்று ஏற்பாடு செய்யச் சொன்னது. பிப்ரவரி 28 அன்று ஏர்செல் திவால் நடைமுறைக்கு மனுச் செய்தது.

அந்தச் சில வாரங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தொலைத்தொடர்பில் போட்டி என்றால் நான்கு நிறுவனங்கள் விளம்பரம் செய்வது என்றுதான் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். எந்த எண்ணிலிருந்து குறுஞ்செய்தி போக வேண்டும் என்ற சிறு விதியில் கூட அது உயிர்வாழலாம், செத்தும் போகலாம். அந்த விதிகளை எழுதுகிறவர் யார், அவருடைய சொல் எவ்வளவு செல்லும், அவருக்கு மேலே இருக்கும் அரசுக்கு அந்தச் சந்தையில் என்ன பங்கு இருக்கிறது என்ற கேள்விகளை வைத்துத்தான் இந்தியத் தொலைத்தொடர்புச் சீர்திருத்தத்தைப் புரிந்துகொள்ள முடியும்.

தொடக்கம் 1885-ல் இருக்கிறது. அந்த ஆண்டின் தந்திச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, தந்தி அமைத்து நடத்தும் தனியுரிமை மத்திய அரசுக்கே என்று சொன்னது. பின்னாளில் தொலைபேசியும் மொபைலும் 'தந்தி' என்ற அந்தச் சொல்லுக்குள்ளேயே அடக்கப்பட்டன. அரசு விரும்பினால் பிறருக்கு உரிமம் தரலாம், தன் நிபந்தனைகளின்படி. சரக்கும் அரசுடையது, கடையும் அரசுடையது, தராசும் அரசுடையது. நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் இதைக் குறையாக நினைக்கவில்லை, ஏனென்றால் வேறு கடையே இல்லை. வீட்டுக்குத் தொலைபேசி கேட்டு மனுச் செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ட்ரங்க் காலுக்காகப் பதிவு செய்துவிட்டு நாள் முழுக்க மணியோசையை எதிர்பார்த்திருந்த வீடுகள் எத்தனை! எண்பதுகளின் பின்பாதியில் மஞ்சள் எழுத்தில் எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு வந்தபோதுதான் சாதாரண மனிதருக்கு முதல் மூச்சு கிடைத்தது.

1994 மே மாதம் வெளிவந்த முதல் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையே தன் நிலைமையை ஒப்புக்கொண்டது: நூறு பேருக்கு 0.8 தொலைபேசி. அரசிடம் பணம் இல்லை, தனியார் வர வேண்டும் என்றது. அதே ஆண்டு டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களுக்கும் நகரத்துக்கு இரண்டு நிறுவனங்கள் என்று மொபைல் உரிமம் கொடுக்கப்பட்டது. சென்னைக்கு ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்தார். நாட்டின் முதல் மொபைல் அழைப்பு அதுதான். அன்று ஒரு நிமிடப் பேச்சுக்கு 16 ரூபாய் வரை ஆயிற்று. அழைத்தவருக்கு மட்டுமல்ல, அழைப்பை எடுத்தவருக்கும் கட்டணம்.

நகரங்களுக்கு வெளியே வட்டங்களை (தொலைத்தொடர்புக்காக நாட்டைப் பிரித்த பகுதிகள், பெரும்பாலும் ஒரு மாநிலம் ஒரு வட்டம்) ஏலம் விட்டபோதுதான் கோளாறு தொடங்கியது. நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு கட்ட முடியாத தொகைகளை எழுதிக் கொடுத்தன. நிலவழித் தொலைபேசிக்கான ஏலத்தில் எச்.எஃப்.சி.எல். என்ற ஒரே நிறுவனம் ஒன்பது வட்டங்களில் முன்னிலைக்கு வந்தது. அது எழுதிய மொத்தத் தொகை ஏறத்தாழ 85,000 கோடி ரூபாய். தன் ஆண்டு விற்றுமுதலைப் போலப் பல மடங்கு. அரசு உடனே, ஒருவருக்கு இத்தனை வட்டங்கள்தான் என்று வரம்பைக் கொண்டுவந்தது. ஏலம் திறந்த பிறகு விதியை மாற்றுவது ஏன் என்று எழுந்த கேள்வி நாடாளுமன்றத்தையே நாட்கணக்கில் முடக்கியது. இது ஒரு கெட்ட தொடக்கம். விதி எப்போது வேண்டுமானாலும் மாறும், யாருக்காக மாறுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்ற எண்ணம் அந்தத் துறையின் எலும்பில் அன்றைக்கே ஊறிவிட்டது.

இன்னொரு குறையும் வெளிப்படையாக இருந்தது. தனியாருக்கு உரிமம் கொடுப்பது தொலைத்தொடர்புத் துறை. அவர்களோடு போட்டி போடுவதும் அதே துறை. அவர்களுடைய அழைப்பு நிலவழித் தொலைபேசிக்குப் போக வேண்டுமானால் அதன் வலையமைப்பைத் தாண்டித்தான் போக வேண்டும், அதற்குக் கட்டணம் வைப்பதும் அதே துறை. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 1997-ல் சட்டம் இயற்றி டிராயை உருவாக்கினார்கள். நீதிபதி எஸ்.எஸ். சோதி முதல் தலைவர்.

ஆணையம் பிறந்த சூட்டோடு அரசோடு மோதியது. அரசு நிறுவனமான எம்.டி.என்.எல். டெல்லியிலும் மும்பையிலும் மொபைல் சேவையில் இறங்க முனைந்தபோது, எங்கள் பரிந்துரையைக் கேட்காமல் இதைச் செய்ய முடியாது என்றது டிராய். 1998-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது: உரிமம் தருகிறவர் என்ற முறையில் அரசு செய்யும் காரியங்களில் டிராய்க்கு அதிகாரம் இல்லை. தராசை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, முள்ளைத் தன் விரலால் பிடித்துக்கொண்டது போலத்தான் அது.

இதற்குள் தனியார் நிறுவனங்கள் உரிமக் கட்டணம் கட்ட முடியாமல் திணறின. 1999-ன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை அதற்கு ஒரு வழி சொன்னது. நிலையான உரிமக் கட்டணம் வேண்டாம், வருவாயில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். பதிலுக்கு, ஒரு வட்டத்தில் இருவர் மட்டுமே என்ற பாதுகாப்பை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும், தொடுத்த வழக்குகளையும் திரும்பப் பெற வேண்டும். அன்றைய அமைச்சர் ஜக்மோகன் இதை எதிர்த்தார். எழுதிக் கொடுத்த தொகையைக் கட்டாதவர்களுக்கு அரசு ஏன் சலுகை தர வேண்டும் என்பது அவருடைய வாதம். வேறு துறைக்கு மாற்றப்பட்டார். அவருடைய வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதைப் பிடிவாதமாகப் பின்பற்றியிருந்தால் மொபைல் என்பது பணக்காரர் பையில் இருக்கும் பொருளாகவே இன்னும் பல ஆண்டுகள் நீடித்திருக்கும். வருவாயில் பங்கு என்றதும் கணக்கு தலைகீழானது: நிறையப் பேரைச் சேர்த்தால் கட்டணம் கட்டலாம், சேர்க்காவிட்டால் கட்ட வேண்டியதும் குறைவு. கட்டணத்தைக் குறைத்து ஆளைச் சேர்ப்பதுதான் லாபம் என்று ஆனது. 2000 மார்ச்சில் நாட்டில் மொபைல் இணைப்புகள் 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பத்தே ஆண்டுகளில், 2010 மார்ச்சில், 58 கோடி.

2000-ல் டிராய்ச் சட்டமும் திருத்தப்பட்டது. வழக்குகளை விசாரிக்க டிடிசாட் என்ற தனித் தீர்ப்பாயம் வந்தது. கட்டணங்களையும் நிறுவனங்களுக்கு இடையிலான இணைப்பையும் நெறிப்படுத்தும் அதிகாரம் டிராயிடம் இருந்தது. புதிய உரிமம் தருவதற்கு முன் அரசு டிராயின் பரிந்துரையைக் கேட்டே ஆக வேண்டும், கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் அப்படித்தான். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவு பி.எஸ்.என்.எல். என்ற நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. உரிமையாளர் அரசுதான்.

மக்களுக்கு மிகப் பெரிய நன்மை செய்த சீர்திருத்தங்கள் எவை என்று யாராவது கேட்டால், தலைப்புச் செய்தியில் வராத இரண்டைத்தான் நான் சொல்வேன். ஒன்று, இன்கமிங் இலவசமானது. 1999-லேயே டிராய் இதற்கு முயன்றது, நீதிமன்றம் தடுத்தது. 2003 மே மாதம் முதல்தான் அழைப்பவர் மட்டுமே பணம் கட்டுவது என்ற முறை நடைமுறைக்கு வந்தது. மணி அடித்தால் காசு போகுமோ என்று அஞ்சி எடுக்காமல் விட்ட கைபேசி, அன்றிலிருந்து கட்டடத் தொழிலாளியின் சட்டைப் பைக்கும் பூ விற்கும் அம்மாவின் சுருக்குப் பைக்கும் போனது.

இரண்டாவது, அந்த முறைக்கு அடியில் இருக்கும் இணைப்புக் கட்டணம். என் சிம் ஒரு நிறுவனத்துடையது, உங்கள் சிம் இன்னொன்றுடையது. நான் உங்களை அழைத்தால் என் நிறுவனம் என்னிடம் பணம் வாங்குகிறது. அந்த அழைப்பை உங்கள் கைபேசி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் நிறுவனம். அதற்காக என் நிறுவனம் உங்கள் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். இந்தத் தொகை கூடுதலாக இருந்தால் யாருக்கு லாபம்? ஏற்கனவே நிறையச் சந்தாதாரர்களை வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு. புதிதாக வருகிறவரிடம் ஆட்கள் குறைவு. அவருடைய வாடிக்கையாளர்கள் அழைப்பதெல்லாம் வெளியே, பெரியவரின் எண்ணுக்குத்தான் போகும். ஒவ்வொரு அழைப்புக்கும் போட்டியாளருக்கே கப்பம் கட்டிக்கொண்டு எவரும் விலையைக் குறைக்க முடியாது. டிராய் இந்தத் தொகையை 30 பைசாவிலிருந்து 2009-ல் 20 பைசா, 2015-ல் 14 பைசா, 2017 அக்டோபரில் 6 பைசா என்று இறக்கி, 2021 ஜனவரி 1 அன்று பூஜ்யமாக்கியது. பைசாக் கணக்கு என்று ஒதுக்கிவிடக்கூடாது. கோடிக்கணக்கான நிமிடங்களில் ஒவ்வொரு பைசாவும் ஒரு நிறுவனத்தின் லாபத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிவிடும்.

தொலைதூர அழைப்பின் கதையும் இதை ஒட்டியதுதான். 2000-ல் உள்நாட்டுத் தொலைதூரச் சேவை தனியாருக்குத் திறக்கப்பட்டது. 2002 ஏப்ரலில், அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். வைத்திருந்த வெளிநாட்டு அழைப்பின் ஏகபோகமும் முடிவுக்கு வந்தது. தயாநிதி மாறன் அமைச்சராக இருந்தபோது, 2006 மார்ச் 1 அன்று பி.எஸ்.என்.எல்.லும் எம்.டி.என்.எல்.லும் இந்தியா முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன. ஊருக்கு ஊர் தூரத்தைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்கும் காலம் அதோடு மங்கத் தொடங்கியது.

எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதியை டிராய் 2006-லேயே பரிந்துரைத்தது. நிறுவனங்கள் இழுத்தடித்தன, அரசு விட்டுக்கொடுத்தது. 2010 நவம்பரில் ஹரியானாவிலும், 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் அது வந்தது. ஐந்து ஆண்டுகள் தாமதம்.

இந்தப் பத்தாண்டின் மறுபக்கம் அவ்வளவு நன்றாக இல்லை. ரிலையன்ஸ் இன்ஃபோகாம், குறைந்த கட்டணம் கட்டிப் பெற்ற நிலவழி உரிமத்தையும் 'வரம்புக்குட்பட்ட நகர்வு' (ஊர் எல்லைக்குள் மட்டும் கையில் எடுத்துச் செல்லும் தொலைபேசி) என்ற சலுகையையும் வைத்துக்கொண்டு, முழு மொபைல் சேவையைப் போன்ற ஒன்றை 2002 இறுதியில் தொடங்கியது. மொபைல் உரிமத்துக்குப் பெருந்தொகை கட்டியவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2003 நவம்பரில் அரசு எல்லா உரிமங்களையும் ஒன்றாக்கி, வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு பிரச்சினையை முடித்தது. விலை குறைந்தது, மக்கள் மகிழ்ந்தார்கள், உண்மைதான். ஆனால் முதலில் வேலியைத் தாண்டு, பிறகு வேலியை நகர்த்திக்கொள்ளலாம் என்ற பாடத்தை எல்லா நிறுவனங்களும் கற்றுக்கொண்டன.

அடுத்து வந்தது 2ஜி அலைக்கற்றை விவகாரம். அலைக்கற்றை என்பது மொபைல் சிக்னல் செல்லும் ரேடியோ அலைவரிசைகள். தமிழ்நாட்டில் இதைக் கட்சி நிறம் பூசாமல் பேசுவது கடினம் என்பதால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைக்கிறேன். ஒருவர் குற்றம் செய்தாரா என்பது ஒரு கேள்வி. சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பர் 21 அன்று முன்னாள் தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா உள்ளிட்ட அனைவரையும் விடுவித்தது. அதற்கு எதிரான மேல்முறையீட்டை 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. அலைக்கற்றையை ஒதுக்கிய முறை சரியா என்பது மற்றொன்று. 2008 ஜனவரி 10 அன்று 122 உரிமங்கள், 2001-ல் நிர்ணயிக்கப்பட்ட விலையில், நாடு முழுவதற்கும் 1,658 கோடி ரூபாய் என்ற கணக்கில், முந்தி வந்தவருக்கு முதலில் என்ற முறையில் கொடுக்கப்பட்டன. கடைசித் தேதி பின்னோக்கி நகர்த்தப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று அந்த முறையைத் தன்னிச்சையானது என்று சொல்லி 122 உரிமங்களையும் ரத்து செய்தது. அரசுக்கு 1.76 லட்சம் கோடி இழப்பு என்ற தணிக்கைத் துறையின் ஊகக் கணக்கைப் பற்றி வாதாடலாம். அந்த ஒதுக்கீட்டில் வெளிப்படைத்தன்மை இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அந்த அதிர்ச்சியிலிருந்து அரசு எடுத்துக்கொண்ட முடிவு என்ன? ஏலத்தில் எவ்வளவு அதிகம் கிடைக்கிறதோ அவ்வளவு நேர்மை என்பது. 2010-ன் 3ஜி ஏலத்தில் ஏறத்தாழ 67,700 கோடி கிடைத்திருந்தது. அந்தத் தொகையே அளவுகோலாகிவிட்டது. அதன் பிறகு எந்த அதிகாரியும் குறைந்த அடிப்படை விலையைப் பரிந்துரைத்துக் கையெழுத்திடத் துணியவில்லை என்பது என் கருத்து. 2016-ல் 5.6 லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள அலைக்கற்றை ஏலத்துக்கு வைக்கப்பட்டது. விற்றது 65,789 கோடிக்கு மட்டுமே. கிராமங்களுக்கும் கட்டடங்களின் உள்ளேயும் நன்றாகப் பரவக்கூடிய 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஒருவரும் தொடவில்லை. 2021-லும் அது விலைபோகவில்லை. பயன்படாமல் காற்றில் கிடக்கும் அலைக்கற்றையை நாளைக்கென்று சேமித்து வைக்க முடியாது. கழனிக்குப் பாயாமல் கடலுக்குப் போன ஆற்று நீர் அது. வாங்கியவர்களும் கடன் வாங்கித்தான் வாங்கினார்கள்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தபோது மற்ற நிறுவனங்கள் இந்தக் கடனோடு நின்றுகொண்டிருந்தன. ஜியோ 2017 மார்ச் வரை எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தது. டேட்டா விலை சரிந்து, மளிகைக் கடை முதல் மீன்பிடிப் படகு வரை இணையம் போனது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒழுங்குமுறையின் பார்வையில் இரண்டு கேள்விகள் எழுந்தன. பழைய நிறுவனங்கள் ஜியோவின் அழைப்புகளுக்குப் போதுமான இணைப்பு முனைகளை (இரு நிறுவனங்களின் வலையமைப்புகள் சந்திக்கும் இடங்கள்) தரவில்லை என்று டிராய் முடிவு செய்து, ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்க 2016 அக்டோபரில் பரிந்துரைத்தது. கவனியுங்கள், பரிந்துரைத்தது. தானே விதிக்க அதற்கு அதிகாரம் இல்லை. தொலைத்தொடர்புத் துறை அபராத நோட்டீஸ் அனுப்பியது 2021-ல். ஐந்து ஆண்டுகளில் சந்தையின் முகமே மாறிவிட்டிருந்தது.

மற்றொரு கேள்வி, அடக்கவிலைக்கும் கீழே விற்றுப் போட்டியாளரை அழிக்கும் விலை எது என்பது. ஏர்டெல்லின் புகாரை, எல்லாத் துறைகளிலும் சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 2017 ஜூனில் தள்ளுபடி செய்தது. 2018 பிப்ரவரியில் டிராய் புதிய விதி எழுதியது: சந்தாதாரர் எண்ணிக்கையிலோ வருவாயிலோ 30 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பவர் மட்டுமே சந்தை வலிமை உள்ளவர், அவர் விலையை மட்டுமே இந்தக் கோணத்தில் ஆராய வேண்டும். வேகமாக வளர்ந்துகொண்டிருந்த, ஆனால் அந்த வரம்பை இன்னும் தொடாத நிறுவனம் இதனால் ஆய்வுக்கு வெளியே நின்றது. அந்த விதியை டிடிசாட் அதே ஆண்டு டிசம்பரில் ரத்து செய்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம், தொலைத்தொடர்பு சார்ந்த விவரங்களை டிராய் முதலில் தீர்மானிக்கட்டும், பிறகே போட்டி ஆணையம் வரலாம் என்றது. தீர்ப்பு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இந்த வழக்குகள் நடந்து முடிவதற்குள் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மொபைல் சேவையை நிறுத்திவிட்டது, ஏர்செல் திவாலாகிவிட்டது, வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட் 31 அன்று ஒன்றாகிவிட்டன.

அதற்கு மேல் இடி விழுந்தது 2019 அக்டோபர் 24 அன்று. 1999-ல் வருவாயில் பங்கு என்றார்கள் அல்லவா? எந்த வருவாய் என்பதில் அன்றிலிருந்தே சண்டை. தொலைபேசிச் சேவையில் வந்தது மட்டுமா, வட்டி, வாடகை, பழைய பொருள் விற்ற பணம் எல்லாமா? எல்லாமும்தான் என்றது உச்ச நீதிமன்றம். நிறுவனங்கள் பதினைந்து ஆண்டு கணக்கைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. அதில் பெரும்பகுதி அசல் இல்லை. வட்டி, அபராதம், அபராதத்தின் மேல் வட்டி. ஏர்டெல்லுக்கு ஏறத்தாழ 44,000 கோடி, வோடஃபோன் ஐடியாவுக்கு 58,000 கோடி என்று துறை கணக்கிட்டது. அண்மையில் வந்த ஜியோவுக்குச் சுமை மிகச் சிறியது. ஒப்பந்தத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்பதை முதல் ஆண்டிலேயே முடிவு செய்யாமல் ஆண்டுக்கணக்கில் வட்டி ஏற விட்டதற்கு நிறுவனங்களும் பொறுப்பு, அரசும் பொறுப்பு.

2021 செப்டம்பர் 15 அன்று மத்திய அமைச்சரவை அறிவித்த சீர்திருத்தங்கள் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவை. தொலைத்தொடர்பு அல்லாத வருவாய் இனி கணக்கில் சேராது. பாக்கிக்கு நான்கு ஆண்டு அவகாசம். புதிதாக வாங்கும் அலைக்கற்றைக்கு ஆண்டுதோறும் பயன்பாட்டுக் கட்டணம் இல்லை, உரிமைக் காலம் 30 ஆண்டுகள். நேரடி அன்னிய முதலீடு 100 விழுக்காடு வரை அரசின் முன் அனுமதி இல்லாமலே வரலாம். நல்ல திருத்தங்கள், பத்தாண்டு முன்பே வந்திருக்க வேண்டியவை. அவற்றோடு இன்னொன்றும் வந்தது: வட்டிப் பாக்கியைப் பங்குகளாக மாற்றி அரசுக்குக் கொடுக்கலாம். அப்படி 2023 பிப்ரவரியில் 16,133 கோடி ரூபாய் வட்டிப் பாக்கி பங்காக மாறி, வோடஃபோன் ஐடியாவில் அரசு மூன்றில் ஒரு பங்குக்கு உரியதானது. 2025-ல் அலைக்கற்றைப் பாக்கியில் இன்னும் 36,950 கோடி மாறியது. இப்போது அரசின் பங்கு 48.99 விழுக்காடு. நிர்வாகம் பழைய முதலாளிகளிடமே இருக்கிறது.

இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். அலைக்கற்றையை விற்பது அரசு. உரிமத்துக்கு வருவாயில் பங்கு வாங்குவது அரசு. டிராயின் உறுப்பினர்களை நியமிப்பது அரசு. பி.எஸ்.என்.எல். முழுவதும் அரசுடையது, அதை மீட்க மூன்று முறை அறிவித்த தொகுப்புகளின் கூட்டுத்தொகை மூன்று லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. மூன்றாவது பெரிய தனியார் நிறுவனத்தில் ஏறத்தாழ பாதியும் அரசுடையது. மொபைல் கட்டணம் ஏறினால் வருவாய்ப் பங்கு ஏறும், வரி ஏறும், பங்கின் மதிப்பு ஏறும், வர வேண்டிய பாக்கியும் பத்திரமாகும். கட்டணம் ஏறுவதில் இத்தனை லாபம் உள்ள ஒருவரிடம், ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மக்கள் எப்படி மனுக் கொடுப்பது? மூன்று தனியார் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பங்கு வாங்கினோம் என்று அரசுத் தரப்பு சொல்கிறது. அந்த நோக்கத்தை நான் ஏற்கிறேன். இருவர் மட்டுமே மிஞ்சுவது இதைவிட மோசம். ஆனால் அந்தப் பங்கை வைத்திருப்பது உரிமம் தரும் அரசாகவே இருக்கக் கூடாது. விற்று வெளியேறும் காலக்கெடுவையாவது நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும்.

2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. 1885-ன் சட்டம் போக வேண்டியதுதான். உரிமம் என்பது அங்கீகாரம் என்று எளிமையாகிறது. செயற்கைக்கோள் போன்ற சிலவற்றுக்கு ஏலமின்றி அலைக்கற்றை ஒதுக்கலாம் என்று அட்டவணையில் எழுதிவிட்டார்கள். டிராய் தலைவராகத் தனியார் துறை அனுபவம் உள்ளவரும் வரலாம். ஆனால் நமது கேள்விக்கு இந்தச் சட்டத்தில் விடை இல்லை. 2022-ல் வெளியிட்ட முதல் வரைவு டிராயின் அதிகாரத்தை மேலும் சுருக்கப் பார்த்தது, எதிர்ப்பு வந்ததும் அந்தப் பகுதிகள் கைவிடப்பட்டன. குறைக்கவில்லை என்பதற்கு மேல் அதிகாரம் எதுவும் கூடவில்லை. பரிந்துரை இன்னும் பரிந்துரைதான்.

இதனால் சாதாரண ரீசார்ஜில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மொபைல் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்துகொள்ள டிராய் விட்டிருக்கிறது. ஒரு வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்கள் மோதிய காலத்தில் அது புத்திசாலித்தனமான முடிவு. இன்று இரண்டு நிறுவனங்கள் சந்தாதாரர்களில் நான்கில் மூன்று பங்கை வைத்திருக்கின்றன. 2019 டிசம்பர், 2021 இறுதி, 2024 ஜூலை என்று மூன்று முறையும் தனியார் நிறுவனங்கள் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. மாதத் திட்டம் என்று சொல்லி 28 நாட்கள் தந்தார்கள், ஆண்டுக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022-ல் டிராய் உத்தரவிட வேண்டியதாயிற்று. 2024 டிசம்பரில், பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. நிறுவனங்கள் தந்தன: 84 நாட்களுக்கு ஜியோ 448 ரூபாய், ஏர்டெல் 469 ரூபாய். விலை என்னவாக இருக்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை, அந்தக் கதவை டிராய் தானே சாத்தி வைத்திருக்கிறது. சட்டம் அதைத் திறக்கத் தடை சொல்லவில்லை.

2003-ல் இலவசமான இன்கமிங் என்ன ஆயிற்று என்பதையும் பார்க்கலாம். 2018 இறுதியில் சில நிறுவனங்கள், 28 நாளுக்கு 35 ரூபாயாவது ரீசார்ஜ் செய்யாவிட்டால் இன்கமிங்கும் நிற்கும் என்ற முறையைக் கொண்டுவந்தன. 2024 ஜூலை உயர்வின்போது ஏர்டெல்லிலும் வோடஃபோன் ஐடியாவிலும் 28 நாள் அளவற்ற அழைப்புத் திட்டம் தொடங்கியதே 199 ரூபாயில்தான். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை அழைப்பான் என்று பட்டன் போனை வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய், தானாக ஒரு அழைப்பும் செய்வதில்லை, டேட்டா என்னவென்று அவருக்குத் தெரியாது. அந்த மணி அடிப்பதற்காக இப்போது அவர்தான் பணம் கட்டுகிறார்.